ஒரே தேவாலயத்துக்கு ஐந்து பிறந்த ஆண்டுகள்: கனடியப் புல்வெளியின் மெதடிஸ்ட் சபைகள் தோன்றிய விதம்

கனடாவின் மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மாகாணங்களின் தென்பகுதியான புல்வெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் சிறிய மரத் தேவாலயங்கள் மூடப்படுவதாகவும் விற்கப்படுவதாகவும் அடிக்கடி செய்திகள் வருகின்றன. நாடு முழுவதிலும் உள்ள சமயக் கட்டிடங்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 9,000 கட்டிடங்கள், அடுத்த பத்தாண்டுகளில் கைவிட்டுப் போகக்கூடும் என்று கனடாவின் தேசிய மரபுரிமை அறக்கட்டளை 2019இல் மதிப்பிட்டது. இச்செய்திகளைப் படிப்பவர்களை மூன்று கேள்விகள் குழப்புகின்றன. மக்கள் இவ்வளவு குறைவாக வாழும் நிலப்பரப்பில் இத்தனை தேவாலயங்கள் ஏன் எழுந்தன? வாசலில் ஐக்கிய சபை என்றிருக்க, அடிக்கல்லில் மெதடிஸ்ட் என்றிருப்பது ஏன்? ஒரே தேவாலயத்தின் தொடக்க ஆண்டை ஒரு குறிப்பு ஒன்றாகவும் இன்னொரு குறிப்பு எட்டுப் பத்து ஆண்டுகள் தள்ளி வேறொன்றாகவும் சொல்வது ஏன்?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. புல்வெளி மெதடிஸ்ட் சபை கட்டிடமாகப் பிறக்கவில்லை; ஒரு பயணத் தடத்தின் நிறுத்தமாகப் பிறந்தது. கட்டிடம் கடைசியாகத்தான் வந்தது. இதைப் புரிந்துகொள்ள, மெதடிஸ்ட் அமைப்பு எப்படி இயங்கியது என்பதையும், புல்வெளி நிலம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமைப்பு முதலில், கட்டிடம் பிறகு

மெதடிசம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியின் தலைமையில் எழுந்த மறுமலர்ச்சி இயக்கம். 1739 முதல் வெஸ்லி திறந்தவெளிகளில் பிரசங்கித்தார். தேவாலயத்துக்கு வராத சுரங்கத் தொழிலாளரையும் கூலிகளையும் அவர்கள் இருந்த இடத்துக்கே போய்ச் சந்தித்தார். வருகிறவர்களுக்காக ஓரிடத்தில் காத்திருப்பதைவிட, போதகர் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் இவ்வியக்கத்தின் இயல்பாயிற்று. அந்த இயல்பிலிருந்து பிறந்த சில சொற்கள் இக்கட்டுரை முழுவதும் வரும் என்பதால் அவற்றின் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

1. வகுப்பு: பன்னிரண்டு பேர் அளவில் வாரந்தோறும் கூடும் சிறு குழு. 1742இல் பிரிஸ்டல் நகரில், கட்டிடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கச் செய்த ஏற்பாடு இது. விரைவிலேயே ஒருவர் மற்றவரின் ஆன்மிக நிலையை விசாரித்துக்கொள்ளும் கூட்டமாக மாறியது. இதற்குத் தலைவர் போதகர் அல்லர். உள்ளூர் விவசாயியோ, ஆசிரியையோ, கடைக்காரரோ இருக்கலாம்.

2. சேகரம்: ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள பல வழிபாட்டு இடங்களின் தொகுதி. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பழகிய இந்தச் சொல், மெதடிஸ்டுகளின் சுற்றுத்தட ஏற்பாட்டுக்கும் நன்கு பொருந்துகிறது.

3. உள்ளூர்ப் பிரசங்கி: குருப்பட்டம் பெறாமல், சொந்தத் தொழிலைச் செய்துகொண்டே, சேகரத்தின் அனுமதியோடு பிரசங்கிப்பவர்.

4. காலாண்டுக் கூட்டம்: சேகரத்தின் பொறுப்பாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிக் கணக்கும் ஒழுங்கும் பார்க்கும் சபை.

5. மாநாடு: எந்தப் போதகர் எந்தச் சேகரத்துக்குப் போக வேண்டும் என்பதை ஆண்டுதோறும் முடிவு செய்யும் மேலவை. ஒரு போதகர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓரிடத்தில் தங்க முடியாது என்பது நெடுநாள் விதி.

இந்த ஐந்தில் எதற்குமே கட்டிடம் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் அடுக்களையில் வகுப்பு கூடலாம். அறுவடைக் கொட்டகையில் பிரசங்கம் நடக்கலாம். புதிதாகக் குடியேறும் மக்களின் பின்னாலேயே போவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடைப்பது அரிது.

குடியேறிகளுக்கு முன்பே வந்த மிஷன்

உள்ளூர்ச் சபை வரலாறுகள் பலவும் முதல் குடியேறியின் மாட்டுவண்டியிலிருந்து தொடங்குகின்றன. அது சரியான தொடக்கம் அன்று. மெதடிசம் அந்நிலத்துக்கு வந்தது விவசாயிகளுக்காக அல்ல. கிரீ, ஸ்டோனி நக்கோடா முதலிய பூர்வகுடி மக்களிடையே பணியாற்றவே வந்தது.

1840இல் லண்டன் வெஸ்லியன் மிஷனரி சங்கமும் ஹட்சன் விரிகுடா வணிக நிறுவனமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ராபர்ட் ரண்டில் எட்மன்டன் கோட்டைக்கு வந்தார். இதே வெஸ்லியன் பணியின் மிஷனரிகள் 1814இலேயே யாழ்ப்பாணம் வந்திருந்தனர். யாழ்ப்பாண மெதடிஸ்ட் சபைகளும் ஆல்பர்ட்டாவின் தொடக்க கால மிஷனும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

புல்வெளிக்கு வடகிழக்கே, வின்னிபெக் ஏரியின் வடமுனையை அடுத்த நார்வே ஹவுஸில், ஜேம்ஸ் எவன்ஸ் அதே 1840இல் கிரீ மொழிக்கு ஓர் எழுத்துமுறையை அச்சிட்டார். தேயிலைப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி அச்செழுத்து வார்த்ததாக அவரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த எழுத்துமுறை தமிழ் வாசகர் சற்று நின்று கவனிக்கத் தக்கது. ஒரு குறி மெய்யையும் உயிரையும் சேர்த்தே காட்டும்; உயிர் மாறும்போது அதே குறி வேறு திசைக்குத் திரும்பும். நம்முடைய உயிர்மெய் வரிசையில் ஒட்டுக்குறிகள் செய்யும் வேலையை அங்கே திசை செய்கிறது. கிரீ மக்கள் இதை மிக விரைவாகத் தமதாக்கிக்கொண்டு, மிஷனரிகள் போகாத இடங்களுக்கும் தாமே எடுத்துச் சென்றனர். எவன்ஸோடு மொழிபெயர்ப்பில் உழைத்த ஹென்றி பேர்ட் ஸ்டைன்ஹவர் ஓஜிப்வே இனத்தவர். 1858இல் குருப்பட்டம் பெற்று, இன்றைய ஆல்பர்ட்டாவின் வொயிட்ஃபிஷ் ஏரி மிஷனை நடத்தினார். புல்வெளி மெதடிசத்தின் தொடக்கம் வெள்ளையரின் கதை மட்டுமே அன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

1860களில் ஜார்ஜ் மெக்டூகலும் அவர் மகன் ஜானும் வந்தனர். 1870இன் பெரியம்மை மெக்டூகல் வீட்டிலேயே உயிர்களைப் பறித்தது. 1873இல் கால்கரிக்கு மேற்கே மோர்லியில் ஸ்டோனி நக்கோடா மக்களிடையே மிஷன் அமைந்தது. 1875இல் அங்கே எழுந்த மரத் தேவாலயம் தென் ஆல்பர்ட்டாவில் மிஞ்சியிருந்த பழைமையான கட்டிடங்களில் ஒன்று. 1876 ஜனவரியில் ஜார்ஜ் மெக்டூகல் பனியில் வழிதவறி இறந்தார்.

இதே ஆண்டுகளில்தான் நிலமும் கைமாறியது. 1870இல் ஹட்சன் விரிகுடா நிறுவனம் தன் ஆட்சிப்பரப்பு முழுவதையும் 3,00,000 பவுனுக்குக் கனடாவிடம் ஒப்படைத்தது. காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்து பட்டினி நெருங்கிய வேளையில் நிலம் குறித்து அரசு பூர்வகுடி மக்களோடு செய்துகொண்ட 6ஆம் ஒப்பந்தமும் (1876) 7ஆம் ஒப்பந்தமும் (1877) கையெழுத்தாயின. ஒப்பந்தம் வரப்போவதைப் பூர்வகுடி மக்களிடம் முன்கூட்டிச் சொல்ல அரசு அனுப்பியது ஜார்ஜ் மெக்டூகலைத்தான். மிஷனரி மீது மக்கள் வைத்த நம்பிக்கை அரசின் நிலக்கொள்கைக்குப் பயன்பட்டது என்பதை மறைத்துவிட்டு இச்சபைகளின் வரலாற்றை நேர்மையாக எழுத முடியாது. பின்னாளில் மெதடிஸ்டுகள் நடத்திய ரெட் டீர், பிராண்டன் தொழிற்பள்ளிகள், பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்தும் மொழியிடமிருந்தும் பிரித்த உறைவிடப் பள்ளி ஏற்பாட்டின் பகுதிகள். மெதடிஸ்டுகளும் வேறு சபையினரும் 1925இல் இணைந்து உருவாக்கிய ஐக்கிய சபை, மெதடிஸ்ட் சபையின் வாரிசாக, 1986இலும் 1998இலும் மன்னிப்புக் கேட்டது. 2017 மே மாதத் தீயில் மோர்லி தேவாலயம் கடுமையாகச் சேதமடைந்தபோது, அதை மீட்டுக் கட்டலாமா என்ற கேள்வி ஏன் அவ்வளவு வலியோடு விவாதிக்கப்பட்டது என்பது இப்பின்னணி தெரிந்தால்தான் விளங்கும்.

நிலச் சதுரங்கள் போட்ட கணக்கு

குடியேறிகளின் சபைகள் ஏன் சிறிதாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருந்தன என்பதற்குக் காரணம் பக்தியைவிட நில அளவையில் அதிகம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டம், 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மூன்றாண்டு குடியிருந்து, ஒரு பகுதியைப் பண்படுத்தி, வீடு கட்டினால் நிலம் சொந்தமாகும். கணக்கு இப்படிப் போகிறது.

1. நிலம் முழுவதும் ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சதுர மைல் பரப்புள்ள 36 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 160 ஏக்கர் வீதம் நான்கு கால்பகுதிகள்.

2. ஒற்றைப்படை எண் பிரிவுகள் பெரும்பாலும் இரயில் நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 11ஆம், 29ஆம் பிரிவுகள் பள்ளிகளுக்கான நிதிக்கு. இரட்டைப்படையில் 8ஆம் பிரிவும் 26இன் பெரும்பகுதியும் ஹட்சன் விரிகுடா நிறுவனத்துக்கு.

3. மிச்சமிருப்பவை ஏறத்தாழ 16 பிரிவுகள். ஆக, 36 சதுர மைலில் இலவச நிலம் பெறக்கூடிய குடும்பங்கள் அதிகம் போனால் 65.

4. 1911 கணக்கெடுப்பின்படி சஸ்காச்சுவான் மக்களில் மெதடிஸ்டுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். 65 குடும்பங்களில் ஆறில் ஒன்று என்றால் பதினொன்று.

பதினொரு குடும்பங்கள் ஒரு போதகருக்குச் சம்பளமும் குதிரைக்குத் தீனியும் கொடுக்க முடியாது. அதே வேளையில், மைனஸ் முப்பது பாகைக் குளிரில் பனிச்சறுக்கு வண்டியில் குழந்தைகளோடு பதினைந்து மைல் போய் வழிபடுவதும் நடவாத காரியம். மக்களை ஓரிடத்தில் சேர்க்க முடியாதபோது, போதகரைப் பல இடங்களுக்கு நகர்த்துவதுதான் ஒரே வழி. அதனால் ஒரு சேகரத்தில் மூன்று நான்கு இடங்கள். ஞாயிறு காலை ஓரிடம், பிற்பகல் அடுத்த இடம், மாலை மூன்றாவது இடம்.

இந்தக் கணக்கு ஒரு சராசரி மட்டுமே. குடியேற்றம் சீராகப் பரவவில்லை. ஒன்டாரியோவின் ஒரே ஊரிலிருந்து கூட்டமாகப் புறப்பட்டவர்கள் பக்கத்துப் பக்கத்து நிலங்களைப் பிடித்தார்கள். சஸ்காட்டூன் நகரமே ஒன்டாரியோ மெதடிஸ்டுகளின் முயற்சியில் உருவான மதுவிலக்குக் குடியேற்றச் சங்கத்தின் திட்டத்திலிருந்து 1880களின் தொடக்கத்தில் முளைத்தது. இப்படிப்பட்ட இடங்களில் சபை வலுவாக வேரூன்றியது. ஆங்காங்கே ஓரிரு குடும்பமாகச் சிதறியிருந்த இடங்களில் பெயரளவில் நின்றது.

ஐந்து பிறந்த ஆண்டுகள்

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். ஒரு கிராமப்புறச் சபையின் தொடக்கம் என்று ஐந்து வெவ்வேறு நிகழ்வுகளைச் சுட்டலாம். பதிவேட்டை எழுதியவர் எதை மனத்தில் கொண்டார் என்பதைப் பொறுத்து ஆண்டு மாறும்.

1. முதல் வழிபாடு. பெரும்பாலும் ஒரு குடியேறியின் வீட்டில். மரக்கட்டை வீடோ, மரம் கிடைக்காத இடங்களில் வேரோடு வெட்டியெடுத்த புல்பாளங்களை அடுக்கிய வீடோ. நடத்தியவர் வழிப்போக்கில் வந்த போதகராகவோ, உள்ளூர்ப் பிரசங்கியாகவோ இருப்பார்.

2. வகுப்போ ஞாயிறு பள்ளியோ தொடங்கியது. போதகர் வராத வாரங்களிலும் தொடர்ந்து கூடத் தொடங்கிய நாள் இது. உண்மையான பிறப்பு இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் இதற்குப் பிறகுதான் அம்மக்கள் வெளியிலிருந்து வருபவரை நம்பியிராமல் தாமே ஒரு சபையாக இயங்கினார்கள்.

3. மாநாட்டின் பட்டியலில் இடம்பெற்றது. அன்று முதல் அவ்விடம் ஒரு சேகரத்தின் அதிகாரபூர்வ நிறுத்தம். அச்சிட்ட மாநாட்டு அறிக்கைகளை வைத்து எழுதுவோர் இந்த ஆண்டையே கொடுப்பார்கள். இதற்கிடையில் வழிபாடு பள்ளிக்கூடத்துக்கு மாறியிருக்கும். புதிய குடியிருப்பில் முதலில் எழும் பொதுக்கட்டிடம் ஓரறைப் பள்ளிதான். ஒரு ஞாயிறு மெதடிஸ்டுகள், அடுத்த ஞாயிறு பிரெஸ்பிட்டேரியர்கள் (இன்னொரு புராட்டஸ்டண்ட் சபையினர்) என்று முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் பல சபைகள் தம் பள்ளி வட்டாரத்தின் பெயரையே தாங்குகின்றன.

4. நிலப்பத்திரம் பதிவானது. ஒரு விவசாயி தன் 160 ஏக்கரின் மூலையில் ஓரிரு ஏக்கரைத் தருவார்; உள்ளூர் அறங்காவலர்கள் பெயரில் பத்திரம் பதிவாகும். முதல் மரணம் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், பல இடங்களில் கட்டிடத்துக்கு முன்பே கல்லறைத் தோட்டம் அங்கே தொடங்கிவிட்டது.

5. கட்டிடம் அர்ப்பணிக்கப்பட்டது. சுவரில் பொறிக்கப்படுவது இந்த ஆண்டு. சாதாரண ஒற்றைக் கூரை முகடு, கூர்முனைச் சன்னல்கள், நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, அவ்வளவுதான்.

முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே பத்தாண்டுக்கு மேல் கூடக் கடந்திருக்கலாம். அடிக்கல்லின் ஆண்டுக்கு முந்தைய திருமணப் பதிவைக் கண்டு பிழை என்று ஒதுக்கும் குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். இன்னொன்றும் உண்டு: ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் தேவாலயத்துக்கு ஒன்று என்றல்லாமல் சேகரத்துக்கு ஒன்றாக வைக்கப்பட்டன. தேடும் பெயர் பக்கத்து ஊரின் பெயர் போட்ட ஏட்டில் இருக்கக்கூடும்.

யார் தாங்கினார்கள்?

போதகர் மாறிக்கொண்டே இருந்தார். கோடையில் வின்னிபெக் வெஸ்லி கல்லூரி மாணவர், அடுத்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த இளைஞர், அதன்பின் குருப்பட்டம் பெற்ற ஒருவர். 1886 முதல் வடமேற்கு மிஷன்களின் மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் உட்ஸ்வொர்த் ஆயிரக்கணக்கான மைல் சுற்றி இந்த நியமனங்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. இவருடைய மகன் ஜே. எஸ். உட்ஸ்வொர்த் மெதடிஸ்ட் போதகராகத் தொடங்கி, பின்னர் கனடாவின் சமூக ஜனநாயக அரசியலுக்குத் தலைவரானார்.

நிலையாக இருந்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். மகளிர் உதவிச் சங்கம் என்ற பெயரில் அவர்கள் தைத்த போர்வைகள், ஏலம் விட்ட உணவுப் பெட்டிகள், இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் நடத்திய கோழி விருந்துகள் ஆகியவற்றின் காசுதான் கூரைப்பலகைக்கும் அடுப்புக்கும் போதகர் வீட்டுக்கும் போயிற்று. அறங்காவலர் பட்டியலில் ஆண்களின் பெயர்களே இருக்கும். கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தைத் திருப்பினால் யார் கட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். நடனம், சீட்டாட்டம், நாடகக் கொட்டகை ஆகியவற்றை 1886இல் சபை ஒழுங்குநூல் வெளிப்படையாக விலக்கியது. ஆகவே குளிர்கால மாதங்களில் சிரிப்பும் பாட்டும் உணவும் கலந்த பொது நிகழ்ச்சி என்று மெதடிஸ்ட் குடும்பங்களுக்குப் பெரிதும் மிஞ்சியது இந்த விருந்துகளே.

இரயில் வந்தது, தேவாலயம் நகர்ந்தது

குதிரைவண்டியில் கோதுமை ஏற்றிக்கொண்டு போய் ஒரே நாளில் திரும்பக்கூடிய தொலைவில் தானியக் கோபுரம் (கோதுமையைச் சேமித்து இரயிலில் ஏற்றும் உயர்ந்த கட்டிடம்) இருக்க வேண்டும் என்பதால், இரயில் நிலையங்கள் ஏறத்தாழ 10 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைந்தன. எங்கே நிலையமோ அங்கே கடையும் அஞ்சலகமும் வந்தன. புதிய கிளைத்தடம் மூன்று மைல் தள்ளிப் போனால், வயல் நடுவே இருந்த தேவாலயம் ஓராண்டில் தனித்துவிடும். அதற்கு அவர்கள் கண்ட வழி எளியது: குளிர்காலத்தில் நிலம் உறைந்தபின், கட்டிடத்தை அடியோடு பெயர்த்து, மரச் சறுக்குகளில் ஏற்றி, குதிரைகளைப் பூட்டி ஊருக்கு இழுத்துப் போனார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் பழைய இடத்திலேயே தங்கியது. வயல் நடுவே தேவாலயமே இல்லாமல் கல்லறைகள் மட்டும் நிற்கும் சில இடங்களுக்கு விளக்கம் இதுதான்.

மெதடிஸ்ட் பெயர் மறைந்த விதம்

1884இல் கனடாவின் நான்கு மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றாயின. ஆனால் புல்வெளியில் உண்மையான நெருக்கடி மெதடிஸ்டுகளுக்கும் பிரெஸ்பிட்டேரியர்களுக்கும் இடையே இருந்தது. ஐந்நூறு பேர் கொண்ட ஊரில் இரண்டு தேவாலயங்கள், இரண்டு போதகர்கள், இரண்டு அடுப்புகள். இரண்டுக்கும் கிழக்கிலிருந்து வரும் மிஷன் பணம். மேலவைகள் கோட்பாட்டை விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, 1908இல் சஸ்காச்சுவானின் மெல்வில் ஊரில் முதல் உள்ளூர் ஐக்கிய சபை அமைந்தது. அதன்பின் இதுபோன்ற சபைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1925 ஜூன் 10 அன்று டொரொன்டோவில் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல் சபையினரும் பிரெஸ்பிட்டேரியர்களில் பெரும்பான்மையினரும் கனடா ஐக்கிய சபையாக இணைந்தபோது, புல்வெளி விவசாயிகள் ஏற்கெனவே செய்துமுடித்ததைச் சட்டம் ஒப்புக்கொண்டது என்று சொல்வது பெரிதும் பொருந்தும். தென்னிந்தியத் திருச்சபை இதே திசையில், ஆங்கிலிக்கர்களையும் சேர்த்துக்கொண்டு, 1947இல்தான் உருவாயிற்று.

இணைந்தபின் ஓர் ஊருக்கு ஒரு கட்டிடம் போதும். மற்றொன்று சமூகக் கூடமாகவோ விறகாகவோ போயிற்று. மெதடிஸ்ட் கட்டிடம் தப்பிய ஊர்களில், பெயர்ப்பலகை மாறியது, அடிக்கல் மாறவில்லை.

இன்று மூடும்போது எழும் சிக்கல்

தாத்தா கொடுத்த நிலம், பாட்டியின் கோழி விருந்துக் காசில் எழுந்த சுவர். ஆனால் விற்பதற்கு உள்ளூர்ச் சபையால் மட்டும் முடிவெடுக்க முடியவில்லை என்று குடும்பங்கள் வருந்துவதைச் செய்திகளில் காண்கிறோம். இதன் வேர் பழைய மெதடிஸ்ட் பத்திரத்தில் உள்ளது. வெஸ்லியின் காலத்திலிருந்தே மெதடிஸ்டுகள் ஒரு மாதிரிப் பத்திரத்தைப் பின்பற்றினார்கள்: அறங்காவலர்கள் உள்ளூரார்; ஆனால் அவர்கள் சொத்தை வைத்திருப்பது உள்ளூருக்காக மட்டும் அல்ல, முழுச் சபைக்காக. மாநாடு அனுப்பும் எந்தப் போதகருக்கும் அந்த மேடை திறந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். போதகர் நகர்ந்துகொண்டே இருக்கும் அமைப்புக்கு அது இன்றியமையாத காப்பு.

ஐக்கிய சபைச் சட்டம் அந்த அறக்கட்டளைத் தன்மையைத் தொடர்ந்து ஏற்றது. ஆகவே இன்றும் ஒரு கிராமச் சபை கலையும்போது, கட்டிடமும் மிஞ்சிய பணமும் என்ன ஆக வேண்டும் என்பதில் வட்டாரப் பேரவையின் ஒப்புதல் கட்டாயம். கல்லறைத் தோட்டத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். உள்ளூராட்சியோ, அங்கே அடக்கமானவர்களின் உறவினர் அமைக்கும் குழுவோ அதை ஏற்றுக்கொண்டு, கோடையில் புல் வெட்டி வருகிறது.